யாருடையதும் அல்லாத பாட்டு

"ஒருவருக்கொருவர் சமாதானம் கூறுங்கள்" என்று பூசையில் குருவானவர் சொன்னதும் டெஸ்மண்ட் இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிடுகிறார். பக்கத்து வரிசையிலிருந்து நீண்ட கைகள் அந்தரத்தில் சற்று நின்று, பிறகு அவையும் கும்பிடாக மாறுகின்றன. எங்கள் பகுதியான காக்ஸ் டவுனுக்குப் புதிதாக வந்தவர்கள் இவரை நம் பண்பாட்டில் பிடிப்புள்ள மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள். பண்பாடு காரணமில்லை. நகம் காரணம். வலது கையின் கட்டை விரல், அடுத்த மூன்று விரல்கள், ஆக நான்கு நகங்களை அவர் வளர்த்து வருகிறார். கிட்டார் தந்தியை மீட்டுவது அவைதான். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் முன்னொரு ஞாயிறு கையைக் குலுக்கிக் கொஞ்சம் அதிகமாகவே சமாதானம் கூறிவிட்டார். மோதிர விரல் நகம் போயிற்று. அதிலிருந்து டெஸ்மண்டின் சமாதானம் தூரத்தில் இருந்தபடியேதான்.

சட்டைப்பையில் தேய்ந்துபோன உப்புத்தாள் துண்டு ஒன்று எப்போதும் இருக்கும். பிரசங்கம் தொடங்கியதும் அதை எடுத்து, பாட்டுப் புத்தகத்தின் மறைவில் நகத்தின் விளிம்பைத் தேய்ப்பார். பிரசங்கம் நல்ல பிரசங்கமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நீளமானதா என்பதைப் பூசை முடிந்ததும் அவர் நகத்தின் பளபளப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நகம் உடைந்தால் பிங்பாங் பந்தை வெட்டி, அந்தத் துண்டைப் பசையால் விரலில் ஒட்டிக்கொள்கிறார். கிட்டார்க்காரர்கள் பலர் செய்வதுதான் என்கிறார். மார்க்கெட் பக்கம் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்காரருக்கு இது தெரியாது. "சார், எப்பவும் பந்து மட்டும் வாங்கறீங்களே, மட்டை வேணாமா?" என்று ஒருமுறை என் முன்னாலேயே கேட்டார். "மட்டை வீட்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் டெஸ்மண்ட்.

நகத்தை முன்னிட்டு அவர் பூண்டு உரிப்பதில்லை, டப்பா மூடி திறப்பதில்லை, தேங்காய் துருவுவதில்லை. இவற்றைச் செய்பவர் அவர் மனைவி ஜோவிதா. "கல்யாணமான புதுசுல இவருக்குக் கையில ஏதோ அடின்னு நினைச்சேன் அண்ணா," என்று என்னிடம் சொன்னார். "பாவம்னு எல்லா வேலையும் நானே செஞ்சேன். அப்புறம் பாத்தா அடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நகம்! அதுக்குள்ள எனக்குப் பழகிடுச்சு, அவருக்கு அதைவிட நல்லாப் பழகிடுச்சு."

டெஸ்மண்டின் தொழிலைச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறார். எல்லோரும் "மாஸ்டர்" என்று கூப்பிடுகிறார்கள். கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எதுவானாலும் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசித்தே ஆகவேண்டும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். விளக்கெண்ணெய் குடித்தவர் போல இருப்பார். அவர் மனத்துக்குப் பிடித்த சங்கீதம் வேறு. நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் லூட் என்று ஒரு வாத்தியம் இருந்தது. பூசணிக்காயைப் பாதியாக வெட்டி அதற்குக் கழுத்து வைத்தது போல இருக்கும். அதில் வாசித்த நடனங்களும் நடைகளும் இன்று கிட்டாரில் வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இயற்றியவர் பெயர் தெரியாது. அதனாலேயே அவை உசத்தி என்பது டெஸ்மண்டின் கட்சி.

"பேரு போட்டவன் பாட்டுல பாதிதான் பாட்டு, மீதி அவன் பேரு," என்பார். "யாரு போட்டதுன்னே தெரியாம ஒரு பாட்டு இத்தனை வருஷம் நிக்குதுன்னா, அது பாட்டுனாலதான் நிக்குது. நான் போடுறவன் இல்ல சார். எடுக்கிறவன்."

கிளெமென்ட் என்பவர் கல்யாணங்களில் இவருடன் பேஸ் கிட்டார் வாசிப்பவர்; பகலில் ஷாமியானாப் பந்தல் வாடகைக்கு விடுகிறார். அவருக்கு இந்தக் கொள்கையில் நம்பிக்கை இல்லை. "பேரில்லாத பாட்டுன்னா சண்டைக்கு எவனும் வரமாட்டான், அதான மச்சி விஷயம்?" என்பார்.

"உனக்குப் பந்தக்காலுதான் தெரியும்."

"பந்தலுக்கு யாரு ஓனர்னு தெரியலைன்னா எவனோ தூக்கினு போயிடுவான். உன் பாட்டும் அப்டித்தான்."

இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு டெஸ்மண்ட் ஓர் இசைத்தொகுப்பு செய்ய முனைந்தார். வாழ்நாளில் முதல் தொகுப்பு. தன் வயதுக்கு இதுவே கடைசியும் என்று அவரே சொன்னார். பெயர் தெரியாத லூட் நடனங்கள் பாதி. மீதி, நம் பக்கத்துப் பழைய மெட்டுகள்: தவக்காலத்தில் பாடும் ஒரு புலம்பல், ஒரு நடவுப் பாட்டு, ராகி அரைக்கும்போது பாடும் கன்னடப் பாட்டு. எல்லாம் தனிக் கிட்டாரில். இரண்டுக்கும் பொதுவான குணம், இயற்றியவர் யார் என்று யாருக்கும் தெரியாது என்பதே. தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் "யாருடையதும் அல்ல." உடன் வரும் சிறு புத்தகத்தின் குறிப்புகளைத் தமிழ் பார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு பாட்டின் கீழும் "இயற்றியவர்: அறியப்படவில்லை" என்று எழுதியிருந்தார். அதை எழுதும்போது அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கையெழுத்திலேயே தெரிந்தது.

பதிவு வைட்ஃபீல்டில். ஹரிஷ்குமார் என்ற ஈரோட்டு இளைஞர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில் மெத்தைகளைச் சுவரோடு நிறுத்தி ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கியிருக்கிறார். பழைய இசையை வெளியிடுவது அவருடைய சொந்த ஆசை. நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நடனம் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலால் நின்றது. இன்னொன்று பார்சல் கொண்டுவந்தவர் அழைப்பு மணியை அடித்ததால் நின்றது. டெஸ்மண்ட் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பொறுமையில் குறை சொல்ல முடியாது.

தொகுப்பின் கடைசிப் பாட்டு ஒரு தாலாட்டு. அது கிடைத்த விதத்தை டெஸ்மண்ட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விவேக் நகரில் ஒரு ஞானஸ்நான வீட்டில் வாசித்து முடித்துவிட்டு, பிரியாணிக்காகக் காத்திருந்தார். உள்ளறையில் பிரபா என்ற பெண், குழந்தையின் தாய், குழந்தையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். சொல் ஏதுமில்லை, "ரோ ரோ" என்பதும் முனகலும்தான். மூன்றாவது வரியில் மெட்டு சட்டென்று நின்றது. தாளம் அங்கே முடியவில்லை. மூச்சு மட்டும் அந்தரத்தில் நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல மேலே போயிற்று. டெஸ்மண்ட் பிரியாணியை மறந்து, கைபேசியை நீட்டிக்கொண்டு கதவருகே நின்றார். பிரபாவின் மாமனார் வந்து "என்ன மாஸ்டர், பொம்பளைங்க இருக்கிற ரூம்ல?" என்று கேட்கும்வரை நின்றார்.

அந்த நிறுத்தம் அவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் காலையிலும் மாலையிலும் அதை வாசித்தார். என்னிடம் கொடுத்த குறிப்பின் முதல் பிரதியில் அந்தத் தாலாட்டுக்கு வயது நூறு. அடுத்த பிரதியில் நூற்றைம்பது. காரணம் கேட்டேன். கேட்கக் கேட்க அப்படித்தான் தோன்றுகிறது என்றார். நான் "இருக்கலாம்" என்ற சொல்லை ஓரிடத்தில் சேர்த்தேன். அவர் அதை அடித்துவிட்டார்.

பதிவு முடிந்ததும் ஒரு ஞாயிறு பிற்பகல் டெஸ்மண்ட் வீட்டு முன்னறையில் எல்லாவற்றையும் போட்டுக் கேட்டோம். ஹரிஷ்குமார் ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்தார். கிளெமென்ட் வந்திருந்தார். ஜோவிதா காப்பியும் அச்சு முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். தாலாட்டு முடிந்ததும் ஹரிஷ்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாஸ்டர், இதானுங்க ஆல்பத்தோட உசுரு. இது இல்லைன்னா மத்ததெல்லாம் சும்மா வாசிப்புங்க," என்றார்.

டெஸ்மண்ட் எழுந்து நின்றுவிட்டார். "அந்த மூணாவது வரி நிறுத்தம் கேட்டீங்களா? இன்னைக்கு இருக்கிறவன் எவனும் அப்படி விடமாட்டான். விடறதுக்குத் தைரியம் கிடையாது. இது இரநூறு வருஷமாவது பழசு. ஆற்காட்டுப் பக்கத்துலருந்து பட்டாளத்தோட கன்டோன்மென்டுக்கு வந்த பொம்பளைங்க கொண்டாந்தது. அவங்களுக்கு எங்கருந்து வந்திருக்கும்? கோயில்ல பழைய லத்தீன் பாட்டு கேட்டிருப்பாங்க."

"கேட்டுட்டு அங்கியே தூங்கிட்டாங்களா?" என்றார் கிளெமென்ட். "அதான் தாலாட்டா ஆயிடுச்சா?"

"சும்னே இரு கிளெமென்ட். அந்த இடத்துல மூச்சு நிக்குது பாருங்க, அது ஒரு..."

"அது மூச்சு நிக்கிற எடம் இல்ல," என்றார் ஜோவிதா. காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. "விக்கி ஒண்ணுக்குப் போயிட்டானான்னு துணிக்குள்ள கைய விட்டுப் பாக்குற எடம்."

டெஸ்மண்ட், "எந்த விக்கி?" என்றார். அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்று எனக்குத் தோன்றியது.

"நம்ம பேபி சிட்டிங் விக்கி. நர்சம்மா பையன். தூங்கறதுக்கு முன்னாடி எப்பவும் போயிடுவான். ஈரத்தோட தூங்கினா சளி பிடிக்கும். அதான் நடுவுல நிறுத்தி, பாத்துட்டு, மறுபடி தட்டுவேன். மத்தியானத்துல எல்லாத்தையும் தூங்கவைக்க நான் போட்ட பாட்டு அது."

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஜோவிதா பல வருஷங்கள் வீட்டின் பின்கட்டில் குழந்தைக் காப்பகம் நடத்தினார். பேபி சிட்டிங் என்பது தெரு அதற்கு வைத்த பெயர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஆலை என்று வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் அழைத்துப்போவார்கள். டெஸ்மண்ட் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பார். நான் இந்தத் தெருவுக்குக் குடிவருவதற்கு முன்பே காப்பகம் மூடிவிட்டது. ஆகவே அங்கே என்ன பாடினார்கள் என்பதற்கு நான் சாட்சியில்லை.

"ஒரு மாசமா வீட்டுல வாசிக்கிறேனே, அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டார் டெஸ்மண்ட். குரல் இறங்கியிருந்தது.

"எவ்வளவு பழசாகுதுன்னு பாத்துட்டு இருந்தேன்," என்றார் ஜோவிதா. "முதல்ல நூறு வருஷம்னீங்க. இன்னைக்கு இரநூறு ஆயிடுச்சு. இன்னும் விட்டா சேசுநாதர் மாட்டுக்கொட்டாய்ல தூங்கின பாட்டும்பீங்க. அதுக்கு மேல நான் சும்மா இருந்தா பாவம்."

கிளெமென்டுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "அந்த விக்கியா? இப்ப அவன் பெரிய ஆபீசர் ஆச்சே அக்கா! அவன் ஒண்ணுக்குப் போனதுலருந்து வந்ததா மச்சி உன் லத்தீன் பாட்டு?"

டெஸ்மண்ட் நம்பவில்லை. நம்பாததற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அது அவர் வாயால் சொல்லக்கூடிய காரணம் அல்ல. எனக்கு அதைச் சொன்னவர் கிளெமென்ட். கல்யாணமான மூன்றாம் வருஷம், திருவிழாப் பூசைக்கான ஒத்திகையில், பாடகர் குழு முழுவதையும் நிறுத்தி, டெஸ்மண்ட் தன் மனைவியைப் பார்த்து, "ஜோவி, நீ கீழ போற. நாளைக்கு வாய மட்டும் அசை, சத்தம் வேணாம்," என்றாராம். ஜோவிதா மறுநாள் வாயை மட்டும் அசைத்தார். மறு வாரம் குழுவிலிருந்து நின்றார். அதற்குப் பிறகு கணவர் காதுபட அவர் பாடியதில்லை, குளிக்கும்போதும் இல்லை. சுருதியில் நிற்கத் தெரியாதவள் என்று தாம் முடிவுகட்டிய ஒருத்தி, தாம் கண்ட மெட்டுகளிலேயே மேலான ஒன்றைப் போட்டிருக்க முடியும் என்பதை அந்தக் காது ஏற்க மறுத்தது.

ஆகவே விசாரிக்கப் புறப்பட்டார். பாட்டு மனைவிக்கு முந்தியது என்று காட்ட ஒரே ஒரு சாட்சி போதும். முதலில் பிரபாவிடம் போனார். பெரியம்மா பாடுவார் என்றாள். பெரியம்மா ரத்தினம்மாள் அதே விவேக் நகரில் இரண்டு சந்து தள்ளி இருப்பவர். ஆஸ்பத்திரி ஆயாவாக வேலை பார்த்தவர். வெயிலில் வந்து நின்ற டெஸ்மண்டைப் பார்த்து, "ஏம்பா, உன் வூட்ல இருக்கிற பாட்டை நீ எதுக்கு இங்க வந்து தேடிக்கினு இருக்கே? என் பையனை உன் சம்சாரத்தாண்டதான வுட்டுட்டு டூட்டிக்குப் போவேன். சாயங்காலம் வந்தா அவன் அந்தப் பாட்டு பாடினாத்தான் தூங்குவான். கத்துக்காம என்ன பண்றது?" என்றார். கூடவே, "அது நல்ல பொண்ணுப்பா. நீதான் ஒரு மாதிரி," என்றும் சொன்னாராம். இதை டெஸ்மண்டே என்னிடம் சொன்னார். தமக்குப் பாதகமானதை மறைக்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

பிறகு ஒரு நாள் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். மமதா என்று கன்னடக்காரப் பெண் ஒருத்தி அதே மெட்டைக் கன்னடச் சொற்களோடு பாடுகிறாளாம். "ரெண்டு பாஷைல இருக்கு சார்! அப்ப அது பழசுதானே? ஒருத்தி போட்டது ரெண்டு பாஷைக்குப் போக எத்தனை வருஷம் ஆகும்?" மறுநாளே மமதாவைப் பார்க்கப் போனார். கதவைத் திறந்ததும் அந்தப் பெண், "மாஸ்டர் அங்கிள்! ஆன்ட்டி ஹேகிதாரே?" என்று ஜோவிதாவின் சௌக்கியத்தைத்தான் முதலில் விசாரித்தாள். அவளும் பின்கட்டில் வளர்ந்த பிள்ளை. இரண்டு பாஷைக்குப் போக எத்தனை வருஷமும் ஆகவில்லை. ஒரு பாய் அகலம்தான்.

கடைசி முயற்சியாக வீட்டில் கேட்டார். நான் அப்போது முன்னறையில் குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"உங்க அம்மா பாடினதா இருக்கும் ஜோவி. சின்ன வயசுல கேட்டிருப்ப. ஞாபகம் இருக்காது."

"எங்கம்மாவா? எங்கம்மாவுக்கு நாங்க எட்டுப் பேரு. பாடியா தூங்கவைப்பாங்க? ஒரு சத்தம் போடுவாங்க, எட்டும் கண்ணை மூடிக்கும்."

இதன் பிறகு டெஸ்மண்ட் வாதாடவில்லை. என்னிடமிருந்து குறிப்பை வாங்கி, தாலாட்டின் கீழ் இருந்ததை அடித்துவிட்டு, "இயற்றியவர்: ஜோவிதா டெஸ்மண்ட்" என்று எழுதினார். பட்டாளமும் ஆற்காடும் லத்தீனும் போயின. அவர் நேர்மையில் எனக்கு ஐயம் கிடையாது. ஆனால் தொகுப்பின் பெயரை விட அவருக்கு மனம் வரவில்லை. "யாருடையதும் அல்ல" என்று பெரிதாகப் போட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் "ஒன்றைத் தவிர" என்று போட்டால் தமிழ் சரியாக இருக்குமா என்று கேட்டார். தமிழ் சரியாக இருக்கும் என்றேன். மற்றதை நான் சொல்லவில்லை.

சிக்கல் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஜோவிதா குறிப்பைப் படித்துவிட்டு, மடித்துக் கணவரிடமே கொடுத்தார்.

"பேரு வேணாம். பாட்டும் தரமாட்டேன்."

"ஏன்?"

"கொயர்ல என்னை நிறுத்தினீங்களே, அது தப்புன்னு சொல்லுங்க. அப்புறம் எடுத்துக்கங்க."

டெஸ்மண்ட், தொகுப்பை ஜோவிதாவுக்குச் சமர்ப்பணம் என்று போடுகிறேன் என்றார். "சமர்ப்பணம் செத்தவங்களுக்குப் போடறது. நான் இன்னும் பூண்டு உரிச்சிட்டுத்தான் இருக்கேன்." முன்னுரையில் ஒரு பத்தி எழுதுகிறேன் என்றார். "எழுத வேணாம். சொல்லுங்க. வாயத் திறந்து. எல்லாருக்கும் முன்னாடிதான அன்னைக்குச் சொன்னீங்க?"

எளிய காரியம். "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்று நான்கு சொற்கள். வேறு யாராக இருந்தாலும் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். டெஸ்மண்டால் முடியவில்லை. "அன்னைக்கு அவ கீழதான் சார் இருந்தா," என்று வாசலில் நின்று என்னிடம் சொன்னார். "என் காதால கேட்டேன். இல்லைன்னு எப்படிச் சொல்றது? பொய் ஆயிடும்." ஆண்டு முழுவதும் கல்யாண மேடைகளில் மாப்பிள்ளை வீட்டார் பாடும் பாட்டையெல்லாம் "ஆஹா" என்று புகழ்ந்து வாழும் மனிதர், தன் வீட்டில் மட்டும் உண்மையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஹரிஷ்குமார் தொலைபேசியில், "அந்தப் பாட்டில்லாம நான் வெளியிட மாட்டேனுங்க மாஸ்டர். உசுர எடுத்துட்டு உடம்பை விக்கச் சொல்றீங்களே," என்றார். ஆக, தாலாட்டு இல்லையேல் தொகுப்பு இல்லை, தப்பு என்று சொல்லாவிட்டால் தாலாட்டு இல்லை, சொன்னால் பொய். டெஸ்மண்டுக்கு முகம் சின்னதாகிப் போயிற்று. கல்யாணங்களில் சினிமாப் பாட்டைக்கூட முகம் சுளிக்காமல் வாசிக்கிறான், பயமாக இருக்கிறது என்று கிளெமென்ட் வந்து சொன்னார்.

வழி சொன்னவர் ஹரிஷ்குமார். ஜோவிதாவே பாடட்டும், மாஸ்டர் கூட வாசிக்கட்டும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று மெஷின் சொல்லட்டும் என்றார். டெஸ்மண்ட் உடனே ஒப்புக்கொண்டார். மெஷின் பொய் சொல்லாது. ஜோவிதாவும் ஒப்புக்கொண்டார், ஆனால், "அண்ணா, நீங்களும் வாங்க. சாட்சி வேணும். இவரு மெஷினையே வாய மட்டும் அசைன்னு சொல்லிடுவாரு," என்றார்.

மெட்ரோவில் போனோம். ஜோவிதா பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார். வழியெல்லாம் கிட்டார்ப் பெட்டி கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே ஓர் ஆள்போல நின்றுகொண்டு வந்தது. பதிவறையில் ஹரிஷ்குமார் ஜோவிதாவை உட்காரவைத்து ஒலிவாங்கியைத் தாழ்த்தினார். டெஸ்மண்ட் கிட்டாரின் தலையில் சுருதி காட்டும் சிறு கருவியைக் கவ்வவைத்தார். தந்தியின் சுரம் சரியாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். ஒவ்வொரு தந்தியாகப் பச்சை வரும்வரை திருகினார். பிறகு ஆரம்பித்தார்கள்.

ஜோவிதாவின் குரல் அத்தனை பெரியதல்ல. கிட்டார் முன்னே போக, அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்; வலது கை மடியில் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரியிலேயே எனக்குக்கூட ஏதோ உறுத்தியது. டெஸ்மண்ட் வாசிப்பதை நிறுத்தினார்.

"கீழ இருக்க ஜோவி."

"நீங்க மேல இருக்கீங்க."

"கிட்டார் சரியா இருக்கு. பச்சை எரியுது பாரு."

"எனக்கு எதுக்குங்க பச்சை? நான் என்ன ஆட்டோவா?"

ஹரிஷ்குமார், கிட்டார் இல்லாமல் தனியாக ஒருமுறை பாடச் சொன்னார். ஜோவிதா பாடினார். மூன்றாவது வரியில் நிறுத்தினார், மடியில் இருந்த கை ஒருகணம் தட்டாமல் நின்றது, மேலே போனார். ஹரிஷ்குமார் அதைத் திரையில் வரி வரியாக அளந்து பார்த்தார். அந்த இளைஞருக்கு இந்த வேலை ஏன்தான் வந்ததோ என்றிருந்திருக்கும்.

"அம்மா கீழதானுங்க இருக்காங்க," என்றார். "அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் கம்மி."

ஜோவிதா தலையாட்டினார். கோபம் இல்லை. "சரி," என்றார். "அப்ப அன்னைக்கு நான் தப்புத்தான். ஆச்சு." கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். டெஸ்மண்ட் ஜெயித்துவிட்டார். அவர் முகத்தில் அது தெரியவில்லை. ஒரு பெரிய சாமானைத் தூக்கிவிட்டு எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல இருந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா," என்றார் ஹரிஷ்குமார். "மாஸ்டர், இதைப் பாருங்க. முதல் வரில எவ்வளவு கீழ இருக்காங்களோ, கடைசி வரிலயும் அதே அளவுதானுங்க. நடுவுல எங்கயும் ஒரு மயிரிழை நகரலை. நிறுத்திட்டு மறுபடி பிடிக்கறாங்க பாருங்க, அங்கயும் அதே எடம். கூட வாத்தியம் இல்லாம நானும் நிறையப் பேரைப் பதிவு பண்ணிருக்கேன். இப்படி நின்னவங்க யாரும் இல்லைங்க. அம்மா எடம் வேற. அவ்வளவுதான்."

டெஸ்மண்ட் எழுந்து திரையருகே போய்க் குனிந்து பார்த்தார். மீண்டும் போடச் சொல்லிக் கேட்டார். ஜோவிதா கைப்பையோடு கதவருகே நின்றிருந்தார். டெஸ்மண்ட் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் தலைப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"மத்த பாட்டெல்லாம் அந்தச் சுருதிலதானுங்க இருக்கு மாஸ்டர்," என்றார் ஹரிஷ்குமார், அவர் கை போகும் இடத்தைப் பார்த்து. "இதை மட்டும் மாத்தினா..."

டெஸ்மண்ட் கிட்டாரின் தலையைக் கவ்விக்கொண்டிருந்த கருவியைக் கழற்றி, விளக்கு எரிந்தபடியே அதை ஹரிஷ்குமார் கையில் கொடுத்தார். பிறகு மனைவியைப் பார்த்து, பாடு என்பதுபோல முகவாயை உயர்த்தினார். ஜோவிதா நின்ற இடத்திலிருந்தே மெல்ல முனக, அவர் காதைக் கிட்டாரின் தோளோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஆறாவது தந்தியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சுருதியை அந்தக் குரலுக்கு இறக்கினார்.